கார்டு கெட்டதா, துபாஷி குழம்பினாரா? கிராபிக்ஸ் டிரைவர் கோளாறு பற்றி ஓர் எளிய விளக்கம்

ரங்கூனில் மின்சாரம் வந்துவிட்டதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "மீ லா பியி!" என்று தெருப் பிள்ளைகள் போடும் கூச்சல் ஐந்தாவது மாடிவரை ஏறிவரும். சென்ற மாதம் ஒரு மாலை, அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் எதிர் வீட்டுப் பையன் என் கதவைத் தட்டினான். விளக்கு வந்த சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை.

"மாமா, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது."

"போய்விட்டது என்று எப்படித் தெரியும்?"

"திரையில் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. டிரைவர் தேதியைப் பார்த்தால் 2006 என்று காட்டுகிறது. கார்டே 2019இல்தானே வந்தது!"

அவன் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த 2006ஐக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்பதைச் சொல்வதற்கு முன் டிரைவர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுபவர் நினைவுக்கு வருவார். அந்தப் படத்தை அழித்துவிட்டு ஒரு துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா ஐராவதி டெல்டாவில் ஓர் அரிசி ஆலையில் துபாஷியாக இருந்தவர். ஆலை மேலாளருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். நெல் கொண்டுவரும் விவசாயிகளுக்குப் பர்மிய மொழி மட்டும்தான். தாத்தா நடுவில் நின்று இரு பக்கத்துக்கும் பேசுவார். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆலை நின்றுவிடாது. கைச்சாடையில் மூட்டை எண்ணலாம். ஆனால் ஈரப்பதம் பார்த்து விலை பேச முடியாது.

கணினியில் மேலாளர் விண்டோஸ், விவசாயி கிராபிக்ஸ் கார்டு. "இந்த முக்கோணத்தை இங்கே வரை, அதன் மேல் இந்த நிறத்தைப் பூசு" என்று விண்டோஸும் விளையாட்டுகளும் ஒரு பொது மொழியில் கேட்கின்றன. கார்டில் உள்ள சிப்புக்கு அந்த மொழி தெரியாது. அந்தச் சிப்புக்கே உரிய கட்டளைகளாக அதை மாற்றித் தருவது டிரைவர். சிப்பைச் செய்தவர்தான் அதன் டிரைவரை எழுதுவார்: என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்றில் ஒன்று. கார்டின் மேல் ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட் என்று எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் டிரைவர்.

சரியான துபாஷி இல்லாதபோது விண்டோஸ் கைச்சாடையில் இறங்கும். அந்தக் கைச்சாடைக்கு 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று பெயர். எந்தக் கார்டோடும் அது ஏதோ பேசிச் சமாளிக்கும். படம் தெரியும்; ஆனால் திரையின் முழு நுணுக்கம் கிடைக்காது, எழுத்துகள் பெருத்துப்போகும், விளையாட்டு ஓடாது. விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியைத் திறந்து, கார்டின் பெயருக்குப் பதில் இந்தப் பெயர் இருந்தால் துபாஷி வேலையில் இல்லை என்று பொருள்.

2006 எங்கிருந்து வந்தது? விண்டோஸோடு சேர்ந்து வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்கள் எல்லாவற்றிலும் 2006 ஜூன் 21 என்ற ஒரே தேதியைத்தான் போட்டு வைக்கிறார்கள். விண்டோஸ் விஸ்டா உருவான காலத்துத் தேதி அது. ஒரு கருவிக்கு ஒரே அளவு பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் புதிய தேதியுடையதைத் தேர்ந்தெடுக்கும். கருவியைச் செய்த நிறுவனத்தின் டிரைவர் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகத் தன்னுடையதை வேண்டுமென்றே பழையதாக்கி வைத்திருக்கிறது மைக்ரோசாஃப்ட். விருந்தாளிக்கு முன் வரிசையை விட்டுவிட்டுத் தான் பின்னால் உட்காரும் வீட்டுக்காரர் போல. ஆகவே 2006ஐப் பார்த்தால் பதற வேண்டாம்; உண்மையான டிரைவர் ஏறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், எப்போது ஆயிற்று என்று கேளுங்கள்

கோளாறு என்றதும் பலரும் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடத் தொடங்கிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: துபாஷி வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டதா, அவர் வந்த பிறகா?

கணினியை இயக்கியதும் முதலில் தாய்ப்பலகையின் (மதர்போர்டின்) சின்னம் தெரிகிறதல்லவா? அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழவில்லை. அதன் டிரைவரும் எழவில்லை. கார்டு தன் உடம்பிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரலை வைத்துப் படம் காட்டுகிறது. அந்தச் சின்னமே புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரிந்தாலோ, குறுக்கே நிறக் கோடுகள் ஓடினாலோ, படமே வராவிட்டாலோ டிரைவர் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. நூறு முறை அழித்துப் போட்டாலும் பயன் இராது.

அந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது கேபிளும் மின்சாரமும் பொருத்தமும். மிக அதிகமாக நான் கண்ட தவறு வெட்கப்படும் அளவுக்கு எளியது. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிடுவார்கள். கணினிப் பெட்டியின் பின்பக்கம் செங்குத்தாக, யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது தாய்ப்பலகையுடையது. அதற்குக் கீழே கிடைமட்டமாக இருப்பது கார்டு. பிராசசருக்குள்ளேயே சிறு கிராபிக்ஸ் இருந்தால் மேல் துளையிலும் படம் வரும். விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. அப்போது மேல் துளையில் ஒன்றுமே வராது.

கேபிளை நம் மாடிவீட்டுப் பால்கனிக் கயிறு என்று நினைத்துக்கொள்ளலாம். நுனியில் கிளிப் மாட்டிக் கீழே தொங்கவிட்டு, பத்திரிகை மேலே இழுப்போமே, அது. கயிறு மூன்றாம் மாடிக் கம்பியில் சிக்கிக்கொண்டால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரையொருவர் திட்டுவார்கள். குற்றம் இருவர் மேலும் இல்லை. வேறொரு கேபிளை மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை பெய்யும் மழை இன்னொரு வேலையும் செய்கிறது. கார்டின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகளில் ஈரமும் தூசியும் படிந்து இணைப்பு தளர்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹால் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து, உலர்ந்தபின் 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். பக்கவாட்டில் 6 முனை அல்லது 8 முனை மின் இணைப்பு இருந்தால் அதுவும் முழுதாக ஏறியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் என்னிடம் வரும் புகார்களில் இதிலேயே தீர்ந்துபோனவை உண்டு.

இனி அடுத்த வகை. சின்னம் ஒழுங்காகத் தெரிகிறது, விண்டோஸ் எழும்பும் நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது. இங்கேதான் துபாஷி நுழைகிறார்; சந்தேகமும் அவர் மேல்தான். முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு 'பீப்' ஒலி கேட்டு, கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலைகள் அழியாது. இந்த வசதி இருப்பது பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்ப்பவர்கள் சிலருக்கே தெரியாது.

அதிலும் எழவில்லையென்றால் சேஃப் மோட். விண்டோஸ் எழ முடியாமல் இரண்டு மூன்று முறை தடுமாறினால் தானாகவே ஒரு நீலத் திரையைக் காட்டி வழி கேட்கும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட் வரும். அங்கே கைச்சாடை மட்டும்தான். அங்கே திரை அமைதியாக இருந்து, வழக்கமான விண்டோஸில் மட்டும் கறுத்தால், கார்டு பெரும்பாலும் நலம்; டிரைவர்தான் குழம்பியிருக்கிறது.

மூன்றாவது வகைதான் மனிதர்களை அதிகம் ஏமாற்றுகிறது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி வந்து, டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று ஒரு செய்தி வரும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கார்டிடம் ஒரு வேலை கொடுத்தால், விண்டோஸ் 2 விநாடி பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் துபாஷியை வெளியே அனுப்பி, முகம் கழுவி வரச் சொல்லி, மறுபடி உள்ளே கூப்பிடும். கார்டையும் உலுக்கிப் புதிதாகத் தொடங்கும். அவர் திரும்ப வராவிட்டால்தான் நீலத் திரையும் (புதிய விண்டோஸ் 11இல் அது கறுப்பு) கணினி முடக்கமும். விண்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் இந்த நிகழ்ச்சிகள் பதிவாகும். நீலத் திரையில் ஒரு கோப்பின் பெயர் தெரிந்தால் அதன் முதல் எழுத்துகளைக் கவனியுங்கள்: என்.வி. என்றால் என்விடியா, ஏ.எம்.டி. என்றால் ஏ.எம்.டி., ஐ.ஜி. என்றால் இன்டெல்.

கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. திரை கறுத்து மீண்டால் அது பெரும்பாலும் டிரைவர் சங்கதி. செய்தி எதுவும் இல்லாமல் கணினியே பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தால் அது பெரும்பாலும் மின்சாரச் சங்கதி. கைச்சாடையில் இருக்கும்போது கார்டு அதிக மின்சாரம் இழுக்காது. முழு டிரைவர் ஏறி, கனமான விளையாட்டு ஓடும்போதுதான் பசி எடுக்கும். நம் வீடுகளில் 230 வோல்ட் வர வேண்டும் என்பது ஏட்டில். மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் விசிறியும் ஓடும்போது ஸ்டெபிலைசரின் முள் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மலிவான பவர் சப்ளை அந்த வேளையில் கார்டுக்குச் சோறு போட முடியாமல் கையை விரித்துவிடும். "விளையாடினால் மட்டும் அணைகிறது, ஆகவே டிரைவர்" என்று முடிவு கட்டியவர்கள் பலர். அதே விளையாட்டைக் காலை ஆறு மணிக்கு ஓடவிட்டுப் பாருங்கள் என்பேன். ஓடிவிட்டால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

இதில் எதிலும் சேராத ஒரு புகாரும் வரும். பர்மிய எழுத்துகள் சிதறிக் கொம்பும் வாலும் இடம் மாறித் தெரிகின்றன, கார்டு கெட்டுவிட்டதா என்று ஒரு பெரியவர் கேட்டார். அது ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதியதை யூனிகோடில் படிக்கும் சிக்கல். நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1ஆம் தேதி. பழைய கோப்புகள் இன்னும் மாறவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் பங்கே இல்லை.

பழைய துபாஷியை வெளியே அனுப்பும் முறை

டிரைவர்தான் என்று தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம். நேற்றுவரை நன்றாக ஓடி, புதிய டிரைவர் ஏறியதும் கெட்டதென்றால் பழையதற்குத் திரும்புவதே சிறந்த வழி. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர் என்று போகலாம். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை.

புதியது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை எனக்குச் சிறிதும் பிடிக்காது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவரில் விசிறிக் கட்டுப்பாடு பிசகிக் கார்டுகள் சூடாகின்றன என்று புகார்கள் வந்து, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் 2007இல், மைக்ரோசாஃப்டின் உள்கணக்கில் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா டிரைவர்களின் பேரில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஒரு வழக்கில்தான் அந்த ஆவணம் வெளியே வந்தது. நீங்கள் விளையாடும் புதிய விளையாட்டுக்குத் தேவைப்பட்டாலோ, பாதுகாப்பு ஓட்டை அடைபட்டாலோ ஒழிய, நன்றாக ஓடும் டிரைவரை இரண்டு வாரமாவது நிம்மதியாக விடுங்கள். மற்றவர்கள் அடிபட்டுப் பார்க்கட்டும்.

மறுபடி நிறுவத்தான் வேண்டும் என்றால், பழைய துபாஷி அறையை விட்டு முழுதாகப் போன பிறகே புதியவரை அழையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் மேலாளருக்கு ஒன்றும் விளங்காது. ஏ.எம்.டி. கார்டை எடுத்துவிட்டு என்விடியா போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். என்விடியாவின் நிறுவியில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தால் 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' என்ற பெட்டி வரும். பெரும்பாலும் அது போதும். போதாவிட்டால் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச நிரல் இருக்கிறது. முதலில் புதிய டிரைவர் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் அந்த நிரலை ஓட்ட வேண்டும். இணையத்தை ஏன் துண்டிக்க வேண்டும்? அறை காலியானதைக் கண்டதும் விண்டோஸ் அப்டேட் ஓடிப்போய்த் தனக்குக் கிடைத்த யாராவது ஒரு துபாஷியைப் பிடித்து வந்து உட்கார வைத்துவிடும். பெரும்பாலும் பழையவராக இருப்பார்.

எல்லாம் முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட்டவுன்' கொடுத்து மறுபடி இயக்குவதும் அதுவும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது விண்டோஸின் மையப்பகுதியைத் தூங்கவைப்பதுதான். ரீஸ்டார்ட்தான் டிரைவர்களை உண்மையாகவே முதலிலிருந்து ஏற்றும்.

சரியான டிரைவர் ஏறியதா என்று எண்ணைப் பார்த்தும் உறுதி செய்யலாம். டிவைஸ் மேனேஜர் 31.0.15.3623 என்று நீளமாகக் காட்டும். என்விடியா கார்டானால் கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 53623. அதில் புள்ளி வைத்தால் 536.23. நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் எண் அதுதான்.

இப்போது கோட் 43. கார்டின் பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் போட்டு, கருவி கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று வரும் அறிவிப்பு அது. கெட்டுப்போன டிரைவர் கோப்பினாலும் வரும், செத்துக்கொண்டிருக்கும் கார்டினாலும் வரும். சுத்தமாக அழித்து நிறுவியும் போகவில்லையென்றால், அதுவும் பழைய கார்டு வாங்கியிருந்தால், எனக்கு வேறொரு சந்தேகம் எழும்.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி எதிரியம் என்ற மெய்நிகர் நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதைத் தோண்டிக்கொண்டிருந்த, அதாவது இரவுபகலாகக் கணக்குப் போட்டு ஈட்டிக்கொண்டிருந்த கார்டுகள் ஒரே நாளில் வேலையற்றுப்போயின. அவை பழைய பொருள் சந்தைகளில் வந்து குவிந்தன. நாணயம் தோண்டுவதற்காகப் பலர் கார்டின் பயாஸையே திருத்தியிருந்தார்கள். ஏ.எம்.டி. டிரைவர் அந்தத் திருத்தத்தைக் கண்டால் ஏற மறுக்கும். சில கார்டுகளின் மேல்விளிம்பில் ஒரு சிறு சுவிட்சு இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸ் வேலைக்கு வரும். அது திருத்தப்படாததாக இருந்தால் அதிர்ஷ்டம்.

இதைவிட மோசம் வேடம் போட்ட கார்டு. எனக்கே நேர்ந்தது. என்விடியா 1050 டி.ஐ. கார்டு என்று ஒரு கடைக்காரர் கொடுத்தார். கடையில் நன்றாகவே ஓடியது. வீட்டுக்கு வந்து என்விடியாவின் அதிகாரபூர்வ டிரைவரைப் போட்டதும் திரை இருண்டது. கடையில் இருந்தது திருத்திய டிரைவர். உள்ளே இருந்தது 2010ஆம் ஆண்டுக் காலத்து ஜி.டி.எஸ். 450 சிப். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச நிரலைத் திறந்தால் 'ஃபேக்' என்று பெயரின் முன்னாலேயே எழுதிக் காட்டுகிறது. திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். உண்மையான 1050 டி.ஐ. சிப்புக்குப் பழைய வி.ஜி.ஏ. வெளியீடு கிடையாது, என் கையில் இருந்ததில் நீல நிற வி.ஜி.ஏ. துளை பளிச்சென்று இருந்தது. விலை குறைவாக இருக்கும்போது கண் நீலத்தைப் பார்ப்பதில்லை.

எதிர் வீட்டுப் பையனிடம் நான் கேட்ட கேள்வியும் அதுதான்: "எப்போது?"

"டிரைவர் ஏறிக்கொண்டிருந்தது மாமா. பாதியில் கரண்டு போய்விட்டது."

பழைய துபாஷி போய்விட்டார், புதியவர் வாசற்படியில் நிற்கிறார், கதவு சாத்திவிட்டது. கோப்பு அரை ஜிகாபைட்டுக்கு மேல். அவனுடைய கைப்பேசி இணைப்பில் இறக்கினால் விடிந்துவிடும். என்னிடம் இருந்ததைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். அவன் உடனே நிறுவத் தொடங்கினான். கையைப் பிடித்து நிறுத்தி, மின்சார முறை எத்தனை மணிவரை என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

"அடுத்த முறை எப்போது அக்கா?"

"விடியற்காலை ஐந்துக்கு" என்றார்.

ஐந்தேகாலுக்குச் சேஃப் மோடில் பழைய மிச்சத்தை அழித்து, புதியதை ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்தோம். எழுத்துகள் தம் அளவுக்குச் சுருங்கின. தேதியில் 2006 இல்லை. பையன் விளையாட்டைத் திறந்தான். அவன் அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பள்ளிக்கூடத்துக்குக் குளிக்கப் போ என்றார்.